இன்றைய மைலேஜ்

“சாவியைக் குடுங்க அண்ணி” என்று கொழுந்தன் மூன்றாவது தடவையாகக் கையை நீட்டினான். “நீங்க அண்ணன்கூட வேன்ல வாங்க. காரை நான் ஓட்டிட்டு வந்துடறேன்.”

அவள் கொடுக்கவில்லை. மருத்துவமனையின் கீழ்த்தளத்தில், சுவரோடு பொருத்தியிருந்த நீல நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மடியில் செவிலி கொடுத்துவிட்டுப் போன பிளாஸ்டிக் பை. அதற்குள் கணவருடைய மூக்குக்கண்ணாடி, கைக்கடிகாரம், பர்ஸ், பொத்தான் இரண்டு தெறித்துப்போன சட்டை. பைக்குள் கையை விட்டுத் துழாவிச் சாவியை எடுத்து உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.

“காரை நான்தான் எடுப்பேன். வேற யாரும் தொடக் கூடாது.”

“இந்த நிலைமையில ஸ்டியரிங்கைப் பிடிச்சா...”

“தொடக் கூடாதுன்னு சொன்னேன் தம்பி.”

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அவனிடம் இப்படிக் குரலை உயர்த்தியதில்லை. அவன் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவன். ஒரு நாளைக்கு எட்டு வீடு ஏறி இறங்குகிற, நிற்க நேரமில்லாத மனிதன். மதியத்திலிருந்து படிவங்களில் கையெழுத்து வாங்குவது முதல் வேன் பேசுவது வரை ஒற்றை ஆளாக அலைந்துகொண்டிருந்தான். களைப்பும் துக்கமும் சேர்ந்து வாய் தவறிவிட்டது.

“காரைப் பொத்திப் பொத்தி வச்சு என்ன ஆச்சு? இன்னிக்கும் அண்ணன் முப்பதுலதான் உருட்டிட்டு வந்திருப்பாரு. டாக்டர் சொன்னாரு இல்ல, பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா ஏதாவது பண்ணியிருக்கலாம்னு? கொஞ்சம் மிதிச்சா என்ன கொறஞ்சிருக்கும்? ரெண்டு சொட்டு பெட்ரோல்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு, வேன் வந்துவிட்டதா பார்க்கிறேன் என்று வெளியே போய்விட்டான்.

அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. பன்னிரண்டரை மணியிலிருந்து அவள் மனதில் ஓடிக்கொண்டிருந்ததும் அதேதான்.

அவள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் ஆசிரியை. இன்று ஆண்டுத் தேர்வு. தேர்வறைக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது என்பதால் ஆசிரியர் அறை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டுப் போனாள். விடைத்தாள்களைக் கட்டி ஒப்படைத்துவிட்டு வந்து இழுப்பறையைத் திறந்தபோது, பத்து மணி பன்னிரண்டு நிமிடத்துக்கு அவரிடமிருந்து ஓர் அழைப்பு. பத்து பதின்மூன்றுக்கு ஒன்று. பத்து பதினேழுக்கு ஒன்று. அப்புறம் தெரியாத ஓர் எண். அந்தத் தெரியாத எண்தான் மருத்துவமனை.

“ரொம்ப அமைதியா இருந்தாருங்க” என்று செவிலி சொன்னாள். “என் மனைவி பரீட்சை ஹால்ல இருப்பாங்க, பன்னண்டரைக்கு மேல கூப்பிடுங்க, நடுவுல கூப்பிட்டா புள்ளைங்களுக்குத் தொந்தரவுன்னு சொன்னாரு. நல்லாத்தான் பேசினாரு. திடீர்னுதான்...”

ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தை. ஆனால் அமைதி என்ற அந்த ஒரு சொல்தான் அவளைப் போட்டு வாட்டியது. அவருடைய அமைதியோடு குடும்பம் நடத்தியவள் அவள். அந்த அமைதி ஒரு காரை எப்படி ஓட்டும் என்று அவளைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்?

அவர் தராசு சரிபார்ப்பவர். கடைத் தராசு அல்ல, ஆய்வகங்களிலும் மருந்துக் கூடங்களிலும் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற நுண்தராசு. ஊர் ஊராகப் போய் அவற்றின் முன்னால் உட்கார்ந்து, வெல்வெட் பெட்டியிலிருந்து எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து வைத்து, தராசு சொல்வது உண்மையா பொய்யா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அவளை முதன்முதலாகப் பார்த்ததும் அப்படித்தான். பள்ளி ஆய்வகத்தில் அவர் வேலை செய்கிறபோது பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள். அவர் தலை நிமிராமல், “டீச்சர், கொஞ்சம் மூச்சைப் பிடிச்சுக்கங்க. உங்க மூச்சுக் காத்துல முள்ளு ஆடுது” என்றார். ஒரு பெண்ணிடம் முதல் பேச்சாகப் பேசுகிற பேச்சா அது என்று பிற்பாடு எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள்.

அப்பேர்ப்பட்டவர் கையில் ஒரு சின்னக் காரும், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அந்தந்த நொடியே காட்டுகிற திரையும் கிடைத்தால் என்ன ஆகும்? ஒன்பது வருஷத்துக்கு முன் வெள்ளைக் கார் வீட்டுக்கு வந்த நாளோடு வீட்டில் நிம்மதி போயிற்று என்பது அவள் கட்சி. தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் திரைக்குக் கீழே இருக்கும் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்குவார். அப்புறம் ஆக்சிலேட்டர்மேல் பாதம் படுகிறதா இல்லையா என்றே தெரியாது. அரைக் கிலோமீட்டருக்கு அப்பால் சிவப்பு விளக்கு தெரிந்தால் இங்கேயே காலை எடுத்துவிடுவார். வண்டி தன்பாட்டுக்கு உருண்டுபோய்ச் சேரும்போது விளக்கு பச்சையாகியிருக்கும். பின்னால் ஹாரன் அடிப்பவர்களின் சாபமெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அவளுக்குத்தான்.

“போய் நிக்கத்தானே போறோம், அதுக்கு ஏன் ஓடணும்?” என்பார். “பிரேக்கை அழுத்தினா, அதுவரைக்கும் எரிச்சதை எல்லாம் ரோட்டுல கொட்டுற மாதிரி.”

டயரில் காற்று குறைந்தால் வண்டி திணறும் என்று ஞாயிறுதோறும் காற்று பார்ப்பார். காரின் பின்பக்கத்தில் எடைக்கல் பெட்டியைத் தவிர ஒரு குடைகூட இருக்க விடமாட்டார். ஏசி போட்டால் இரண்டு கிலோமீட்டர் போச்சு என்று கண்ணாடியை இறக்கிவிட்டுப் போவார். “எடை கொறையட்டும், நானும் இறங்கி நடந்து வரட்டுமா?” என்று அவள் கேட்டால், மெனக்கெட்டு யோசித்துவிட்டு, “மேட்டுல மட்டும்” என்பார்.

சனிக்கிழமைகளில் அவள் ஓட்டுவாள். அவள் ஓட்டினால் பதினைந்து, பதினாறு. மிதிப்பாள், பிடிப்பாள், மறுபடி மிதிப்பாள். அவர் ஓட்டினால் இருபத்திரண்டுக்குக் குறையாது. மாலையில் வீடு திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அன்றைய எண்ணைச் சொல்லிவிடுவார். வந்துட்டேன் என்றோ பசிக்கிறது என்றோ சொல்கிற வழக்கமே இல்லை. “இருபத்தி மூணு புள்ளி நாலு” என்பார். அவள் எங்கே இருந்தாலும் தலையைத் திருப்பாமல், “சரி, கை கழுவிட்டு வாங்க” என்பாள். ஒன்பது வருஷம் இதுதான் அவர்கள் வீட்டு மாலை.

மகள் கல்லூரிக்குப் போன முதல் நாள், நான்கு நிமிடத் தாமதத்தில் ரயிலை விட்டார்கள். காலியான தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு தாயும் மகளும் நிற்க, அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “இருபத்தி நாலு புள்ளி ஒண்ணு” என்றார். இரண்டு நாள் அவரிடம் இருவரும் பேசவில்லை.

ரயிலையே விட்டவர். இன்று காலை நெஞ்சு வலித்தபோதும், மூன்று தடவை கூப்பிட்டு அவள் எடுக்காதபோது, தானே காரை எடுத்துக்கொண்டு, தூரத்துச் சிவப்பைப் பார்த்துக் காலை எடுத்து, உருண்டு உருண்டுதான் வந்தாரா? அப்படியென்றால் அவள் அவரை வாழ்நாள் முழுக்க மன்னிக்கப்போவதில்லை. அதைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு இடம்தான் இருந்தது. வேறு யாராவது காரை எடுத்து ஒரு தெரு ஓட்டினாலும் அந்த எண் மாறிவிடும். கொழுந்தன் ஓட்டினால் கேட்கவே வேண்டாம்.

அவள் எழுந்து கார் நிறுத்துமிடத்துக்கு நடந்தாள். வெயில் சாய்ந்திருந்தது. வெள்ளைக் கார் வரிசையில் தனியாகத் தெரிந்தது. இரண்டு கார் நிற்கவேண்டிய இடத்தில், வெள்ளைக் கோட்டின்மேல் சக்கரம் ஏறி, குறுக்காக நின்றது. கோட்டுக்கு நடுவில் நிற்கும்வரை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருக்கிற மனிதர் நிறுத்திய கார் அது.

காவலாளி எழுந்து வந்தார். “உங்க வண்டியாம்மா?”

“எங்க வீட்டுக்காரரோடது.”

அவர் தொப்பியைக் கழற்றினார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது.

“அம்மா, நான் அவரைச் சத்தம் போட்டுட்டேன். சர்ருன்னு வந்து இப்படிக் கோணலா விட்டுட்டு இறங்கினாரு. ஒழுங்கா நிறுத்தத் தெரியாதா, படிச்சவருதானேன்னு கேட்டுட்டேன். மன்னிச்சுக்கோங்க, இதோ வந்து சரியா விட்டுடறேன்னு சொல்லிட்டுப் போனாரு. தெரிஞ்சிருந்தா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிருப்பேம்மா.”

“சர்ருன்னா வந்தாரு?”

“ஆமாம்மா. வேகத்தடையிலகூட ஸ்லோ பண்ணல.”

அவள் காவலாளியின் கையை ஒரு தடவை தொட்டாள். “பரவால்லீங்க. கோணலா நிறுத்தினா அவரும் திட்டத்தான் செய்வாரு.”

கதவைத் திறந்தபோது சூடும், அவருடைய தலை எண்ணெய் வாசனையும் முகத்தில் அடித்தன. உட்கார்ந்தாள். ஏசி திருகு கடைசி எண்ணில் நின்றது. அவருக்கு வியர்த்திருக்கிறது. கண்ணாடியை இறக்கக்கூட நேரமில்லாமல் திருகைக் கடைசிவரை திருப்பியிருக்கிறார். பக்கத்து இருக்கையில் அவருடைய கைக்குட்டை சுருண்டு கிடந்தது. எடுத்துப் பிரித்தாள். வியர்வை காய்ந்து விறைத்திருந்தது.

சாவியை ஒரு படி மட்டும் திருப்பினால் இஞ்சின் ஓடாது, திரை மட்டும் எரியும். சாவியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். திருப்பினாள்.

தூரம் 7.4.

வீட்டிலிருந்து மருத்துவமனை ஏழரைக் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அப்படியென்றால் கிளம்பும்போது பொத்தானை அழுத்தியிருக்கிறார். ஒரு கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் அழுத்தியிருக்கிறார் பாவி மனிதர். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே வேறாகிப்போனது.

அதற்குக் கீழே 11.8.

ஒன்பது வருஷத்தில் இருபத்திரண்டுக்குக் கீழே அவர் ஓர் எண்ணைச் சொல்லி அவள் கேட்டதில்லை. அவளேகூடப் பதினொன்றைத் தொட்டதில்லை. ஒவ்வொரு விளக்குக்கும் கடைசி நொடிவரை மிதித்து, பிரேக்கில் நின்று, மறுபடி இரண்டாம் கியரிலேயே இஞ்சின் கத்தக் கத்த இழுத்தால்தான் இந்தக் கார் பதினொன்று காட்டும். அப்படி ஓட்டுகிறவளுக்குத்தான் அது தெரியும். மருந்துக்கடை வளைவை எப்படித் திரும்பியிருப்பார், பாலத்தில் எப்படி ஏறியிருப்பார், அவளுடைய பள்ளிக்கூடத்துக்குத் திரும்பும் முனையை எப்படித் தாண்டியிருப்பார் என்று எல்லாம் அந்த எண்ணிலிருந்து அவளால் பார்க்க முடிந்தது. அவளைப் போலவே ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார். பயந்திருக்கிறார். போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். இன்னும் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார்.

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து அழுதாள். இன்று அவள் அழுதது அதுதான் முதல் தடவை.

கொழுந்தன் தேடிக்கொண்டு வந்து கதவருகே நின்றான். “அண்ணி, அண்ணனை வேன்ல ஏத்தியாச்சு. நீங்க...” என்றவன் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

“மிதிச்சுத்தான் வந்திருக்காரு தம்பி” என்றாள். “நீ ஓட்டுறதைவிட வேகமா. பதினொண்ணு புள்ளி எட்டு.”

அவன் குனிந்து திரையைப் பார்த்தான். அண்ணனின் வண்டியில் அப்படியோர் எண்ணை அவனும் பார்த்ததில்லை. கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டான். முதுகு குலுங்கியது. அவள் அவன் தலைமேல் கையை வைத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, “நீ அண்ணன்கூட வேன்ல ஏறிக்க” என்றாள். “நான் பின்னாலயே வரேன்.”

வேன் ஓட்டுநர் நரைத்த மீசைக்காரர். வந்து எட்டிப் பார்த்து, “நான் மெதுவாத்தான் போவேம்மா. எவ்ளோ ஹாரன் அடிச்சாலும் ஒதுங்க மாட்டேன். என் பின்னாடியே பிடிச்சுக்கிட்டு வாங்க” என்றார்.

இஞ்சினைக் கிளப்பினாள். விரல் பழக்கத்தில் பொத்தானை நோக்கிப் போயிற்று. பாதியில் நின்றது. காலையில் அழுத்தினால் சாயங்காலம் வீடு வந்துசேரும் வரைக்கும் ஒரே கணக்கு என்பது அவர் வைத்திருந்த முறை. இன்றைய மைலேஜ் இன்னும் முடியவில்லை. பாதி தூரம்தான் ஆகியிருக்கிறது. மீதிப் பாதியோடு சேர்த்தால்தான் அது அவருடைய எண். பதினொன்று எட்டோடு அவர் வாசலில் வந்து நிற்கமாட்டார், வெட்கப்படுவார்.

ஏசியை அணைத்தாள். கண்ணாடிகளை இறக்கினாள். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு வெறும் பாதத்தை ஆக்சிலேட்டர்மேல் வைத்தாள். முட்டையை மிதிப்பதுபோல் மிதி என்று அவர் தலைபாடாய் அடித்துக்கொண்டபோதெல்லாம் அவள் கேட்டதே இல்லை. இப்போது கால் தானாக மெத்தென்று அமர்ந்தது.

வேன் முன்னால் உருண்டது. அவர் உள்ளே படுத்திருந்தார், அவருக்குப் பின்னால் அவருடைய கார் போய்க்கொண்டிருந்தது. வேன் ஓட்டுநர் நல்ல ஓட்டுநர். விளக்குக்கு நூறு அடி முன்னமே வேகத்தை விட்டுவிட்டார். இவரும் அவர் கட்சிதான் என்று அவளுக்குத் தோன்றியது. அவர் பார்த்திருந்தால் இறங்கிப் போய்க் கைகொடுத்துவிட்டு வந்திருப்பார்.

பாலம் ஏறும்போது மூன்றாம் கியரில் இழுக்காமல் முன்னமே கொஞ்சம் வேகம் எடுத்துக்கொண்டாள். இறக்கத்தில் காலை முழுதாக எடுத்தாள். கியரில் இருந்தபடியே வண்டி தன்னால் இறங்கியது. திரையில் எண் ஊர்ந்தது. பன்னிரண்டு புள்ளி ஆறு. பதின்மூன்று. பள்ளிக்கூடத்து முனையில் சிவப்பு விழுந்தது. வேனும் காரும் நின்றன. இஞ்சினை அணைத்தாள். தேர்வு முடிந்து எல்லோரும் போய்விட்டதால் அந்தத் தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. இந்த இடத்தில் இன்று காலை பத்தரை மணி வாக்கில் அவர் இடப்பக்கம் திரும்பிப் பார்த்திருப்பார். கண்டிப்பாகப் பார்த்திருப்பார். தேர்வறை ஜன்னல் வழியே ஒரு தடவை அவள் வெளியே பார்த்திருந்தால் வெள்ளைக் கார் பறந்துபோவது தெரிந்திருக்கும், யாரோ அவசரக்காரன் என்று நினைத்திருப்பாள். அவர் ஒரே ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து, பச்சை விழப்போவுது, கிளட்சை அழுத்து என்று சொன்னால் போதும் என்று இருந்தது. பக்கத்து இருக்கையில் பிளாஸ்டிக் பையும் கைக்குட்டையும் இருந்தன.

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் விடாமல் ஹாரன் அடித்தான். அவள் அசராமல் இஞ்சினைக் கிளப்பினாள். வேனின் பின்கதவைப் பார்த்துக்கொண்டே இரண்டு, மூன்று, நான்கு என்று பதறாமல் கியரை மாற்றினாள். பதினான்கு புள்ளி இரண்டு. பதினைந்து.

வீட்டு முன்னால் அக்கம்பக்கத்தார் கூடியிருந்தார்கள். வேனின் கதவைத் திறந்து நான்கைந்து பேர் சேர்ந்து அவரைத் தூக்கினார்கள். அவள் காரை ஓரமாகக் கொண்டுபோய், கொஞ்சம் முன்னால் எடுத்து, கொஞ்சம் பின்னால் எடுத்து, சுவருக்கு நேராக நிறுத்தினாள். அது நேராக இல்லை என்று தோன்றவே இன்னொரு தடவை சரிசெய்தாள். திரையைப் பார்த்தாள். இஞ்சினை அணைத்துச் சாவியை எடுத்தாள். பொத்தானைத் தொடவில்லை.

உள்ளே கூடத்தில், செய்தி கேட்டு வந்துசேர்ந்திருந்த மகள் நாற்காலிகளை ஒதுக்கி இடம் பண்ணியிருந்தாள். அவரை வடக்கு ஜன்னலோரம், அவருடைய மேசை இருந்த இடத்தில் கிடத்தியிருந்தார்கள். மகள் அவர் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்து அவருடைய முடியைக் கையால் ஒதுக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் வாசலில் நின்று, காரில் மறுபடி மாட்டிக்கொண்ட செருப்பைக் கழற்றினாள்.

“பதினஞ்சு புள்ளி எட்டு” என்றாள்.

மகள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். கூடத்தில் இருந்த மற்றவர்களும் பார்த்தார்கள். கொழுந்தன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் சாவியை அதன் ஆணியில் மாட்டினாள். அங்கேயே, பதில் வருவதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றாள்.

பிறகு கை கழுவப் போனாள்.